இடது பக்க ஜன்னல்

அத்தியாயம் 9

விமானத்துக்குள் எலி புகுந்துவிட்டது என்று கேட்டதும் லோக்மான் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் காலையில் தானே அந்த விமானத்தில் ஏற வேண்டியிருக்கும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

“சிரிக்காதீங்கண்ணே. எலி ஒயரைக் கடிச்சு வெச்சா மேல போனது கீழ வராது,” என்றான் மெக்கானிக் ஜீத்.

“எப்படியும் கீழதான்டா வரும். எந்த மாதிரி வரும்ங்கறதுதான் கேள்வி.”

பொக்காரா விமான நிலையத்தின் ஓரத்தில், தகரக் கொட்டகைக்குள், நாலு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்தச் சின்ன விமானம் நின்றிருந்தது. நல்ல வெயில் காலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய், மச்சபுச்சரே மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு வருவதுதான் அதற்குப் பிழைப்பு. இப்போது அதன் பின் இருக்கைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு குந்தியிருந்தாள் நிருபமா பஸ்நேத். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். அவளுக்கு உதவியாளன், கார் டிரைவர், டீ வாங்கி வருபவன், வாயாடி எல்லாமே லோக்மான்தான்.

அவர்கள் எலி பிடிக்க வரவில்லை. இந்திரகலா என்ற பெண்ணுக்காக வந்திருந்தார்கள். அவள் கணவன் கேசர் மலைப்பயண வழிகாட்டி. ஏழு வருஷத்துக்கு முன்னால், நண்பன் அஸ்தவீரோடு சேர்ந்து ஒரு வெளிநாட்டுக்காரனை அழைத்துக்கொண்டு மேலே போனான். அஸ்தவீர் திரும்பி வந்தான். வெளிநாட்டுக்காரனும் திரும்பி வந்து, அன்றைக்கே காட்மாண்டுவுக்கு வண்டி ஏறினான். கேசர் வரவில்லை. ஹியுஞ்சுலி மலைச் சரிவில் பனி சரிந்து அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றான் அஸ்தவீர். உடல் கிடைக்கவில்லை. ஒதுங்கிப் பிழைத்து எங்காவது இருப்பானோ என்ற கேள்வி மட்டும் அந்தப் பெண்ணின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது. இருக்கிறானா, இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றுதான் அவள் நிருபமாவிடம் கேட்டிருந்தாள்.

மூன்று வாரமாக அஸ்தவீரைக் கசக்கிப் பிழிந்தும், அவன் கிளிப்பிள்ளை மாதிரி அதே பாட்டைத்தான் பாடினான். இந்த நிலையில் லோக்மானின் சீட்டாட்டக் கூட்டாளி ஜீத், “வருஷா வருஷம் இந்தக் குளிர்ல எவனோ ஒருத்தன் என் விமானத்துல தானியத்தைச் சிந்திட்டுப் போறான், எலி வருது” என்று புலம்பினான். லோக்மான் அதை ஆபீசில் ஜோக்காகச் சொன்னான். நிருபமா சிரிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இப்போது அவள் தலைக் கொண்டை ஊசியால் இருக்கையை நகர்த்தும் தண்டவாளத்தின் இடுக்கைக் கிளறி, கிடைத்ததையெல்லாம் கைக்குட்டையில் போட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள்.

“என்னக்கா, எலிக்குச் சீமந்தமா?” என்றான் லோக்மான். “நெல்லு, கோதுமை, பார்லி, எள்ளு, கடலை, சோளம், தினை. ஒண்ணு விடாம இருக்கு.”

“நாளைக்கு என்ன நாள்?”

“வெள்ளிக்கிழமை.”

“திதி கேட்டேன்.”

லோக்மான் விரலை மடக்கினான். மடக்கிய விரல் அப்படியே நின்றது. பாலா சதுர்த்தசி. செத்துப்போன சொந்தங்களுக்காகச் சிவன் கோயிலைச் சுற்றி ஏழு விதை தூவும் நாள். அவன் தாய்க்கு அவனும் தூவியிருக்கிறான்.

“கோயில்ல தூவ வேண்டியதை ஆகாசத்துல வந்தா தூவுறான்?”

“பின் சீட்டு ஜன்னல்ல, படம் எடுக்கறவங்களுக்காகக் கையகலத்துக்கு ஒரு திறப்பு வெச்சிருக்காங்க, பாரு. அது வழியா விட்டிருக்கான். காத்து பாதியை உள்ள தள்ளிடுச்சு.” அவள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். “ஜீத், இது எந்தப் பக்கத்துத் தண்டவாளம்?”

“இடது பக்கம் மேடம். வருஷா வருஷம் இடது பக்கம்தான். வலது பக்கத்துல ஒரு மணி கிடையாது.”

“இடது பக்கம்தானே எல்லாரும் கேக்கறது?” என்றான் லோக்மான். “மலை அந்தப் பக்கம்தானே தெரியும்?”

“வேடிக்கை பாக்க வந்தவனுக்கு இடது பக்கம் சரி. விதை தூவ வந்தவனுக்கு?”

அவள் கேட்டதை அவன் மெல்ல யோசித்தான். விமானம் மச்சபுச்சரேயை எப்போதும் இடது கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றும். திரும்பி வரும்போது ஹியுஞ்சுலி வலது கைப் பக்கம் வரும். கேசர் செத்ததாக அஸ்தவீர் சொன்ன சரிவு வலது பக்கம். ஆனால் விதை விழுந்திருப்பது இடது பக்கம்.

“அக்கா, இடது பக்கம் யாரும் சாக முடியாது. அது சாமி மலை. அதுல யாருமே கால் வைக்கக் கூடாது.”

“கூடாதுன்னுதான் சொன்னாங்க. வைக்கலைன்னு யார் சொன்னா?”

நிருபமா ஜீத்திடம் திரும்பினாள்.

“ஆள் யாரு?”

“முகம் பாத்ததில்லை மேடம். இந்தக் குளிர்ல எல்லாரும் குல்லாவும் மஃப்ளரும்தான், கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். ஆனா டிக்கெட்டு எப்பவும் அஸ்தவீர் கர்த்தி பேர்லதான் வரும். ஏரிக்கரைல மலையேறுற சாமான் கடை வெச்சிருக்காரே, அவரு. நாளைக்குக் காலைலயும் ஒரு சீட்டு சொல்லியிருக்காரு.”

“மாட்டினான்டா மாப்பிள்ளை,” என்றான் லோக்மான்.

*

கம்பளிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ஆபீசுக்குத் திரும்பியபோது, இந்திரகலா படிக்கட்டிலேயே காத்திருந்தாள். கூடவே அவள் மாமனார் கனகமணி கார்க்கி. மலையோரத்து ஊரில் சிவன் கோயில் பூசையைப் பார்த்துக்கொள்ளும் மனுஷன். தொப்பி, பழைய கோட்டு, கையில் மருந்துப் பை. படுத்த படுக்கையாக இருக்கும் மனைவிக்கு மாதா மாதம் பொக்காரா வந்து மருந்து வாங்கிப் போவார்.

இந்திரகலா வகிட்டில் குங்குமம் தீட்டியிருந்தாள். கை நிறையச் சிவப்பு வளையல், கழுத்தில் பச்சைப் பாசிமணி. கணவன் நேற்றுத்தான் வெளியூர் போயிருக்கிறான் என்பதுபோல் இருந்தாள். ஊரில் சில பெண்கள் அந்தக் குங்குமத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று லோக்மானுக்குத் தெரியும்.

“ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?”

“நாளைக்குச் சொல்றேன்,” என்றாள் நிருபமா.

லோக்மான் கீழே போய் நாலு டீயும் வளையமாகப் பொரித்த செல் ரொட்டி ஒரு தட்டும் வாங்கி வந்தான். கிழவர் டீயைக் கையால்கூடத் தொடவில்லை.

“வேண்டாம் தம்பி. வயிறு சரியில்லை.”

“மலையை விட்டு இறங்கினா எல்லாருக்கும் பசி புடுங்கும். உங்க பசி மட்டும் மேலேயே தங்கிடுச்சா?” என்று சொல்லிக்கொண்டே, அவர் பங்கு ரொட்டியையும் லோக்மான் எடுத்துக்கொண்டான்.

இந்திரகலா டீக் குவளையை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். “சைப்ரஸ்ல வயசானவங்களைப் பாத்துக்கற வேலை வந்திருக்கு மேடம். மூணாவது தடவை. என் தோழி அங்கதான் இருக்கா. இந்த மாசம் முடியறதுக்குள்ள பதில் சொல்லணுமாம். முன்ன ரெண்டு தடவையும் வேணாம்னுட்டேன். நான் அங்க போன நேரத்துல அவரு வந்து நின்னாருன்னா?”

“நான் போகாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை,” என்றார் கிழவர். “எனக்கு அவ மருமக இல்ல, பொண்ணு. போ தாயின்னுதான் சொன்னேன். ஆனா அவன் வந்து, ‘அவ எங்கப்பா’ன்னு கேட்டா, நான் என்ன சொல்றதுன்னு ஒரு வார்த்தை கேட்டேன். தப்பா?”

“தப்பில்லைப்பா,” என்றாள் இந்திரகலா. மாமனாரை அப்பா என்றே கூப்பிட்டுப் பழகியவள்.

“ஊர்ல எல்லாரும் சொன்னாங்கம்மா. தர்ப்பைப் புல்லுல பொம்மை கட்டிக் கொளுத்திட்டு, பதிமூணாம் நாளோட முடிச்சுடுங்க, அந்தப் பொண்ணு அதும் வழியைப் பாத்துக்கட்டும்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன். புல்லுப் பொம்மையைக் கொளுத்தி எம் புள்ளையைச் சாகடிக்க என்னால ஆகாது. அவன் வருவான்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறந்தால் இப்படி ஒரு அப்பனுக்குப் பிறக்க வேண்டும் என்று லோக்மான் நினைத்தான். அவன் அப்பா உயிரோடு இருந்த மகனையே தேடியதில்லை.

இந்திரகலா அதற்குள் எழுந்துவிட்டாள். அத்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டு வந்திருக்கிறாளாம். புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும், எருமைக்கு வேறு தண்ணீர் காட்ட வேண்டும். கிழவர் இன்று பொக்காராவில் அண்ணன் மகன் வீட்டில் தங்குகிறார். ஆஸ்பத்திரியில் காலையில்தான் ஒரு மருந்து தருவார்களாம்.

நிருபமா படிக்கட்டு வரை போய் அவளை மட்டும் நிறுத்தினாள். “நீயும் இன்னைக்குப் போகாதே. அத்தையைப் பாத்துக்கச் சொல்லி பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணிட்டு, உன் சித்தி வீட்டுல தங்கிக்கோ. காலைல விமான நிலையத்துக்கு வா. யார்கிட்டயும் சொல்லாதே.”

“அப்பாகிட்டயும்?”

“அவரு பாவம். வீணா எதுக்கு அவருக்கு ஆசை காட்டணும்?”

*

“இது என்ன?” என்றான் லோக்மான்.

“அதைத் தொடாதீங்க,” என்றார் கேப்டன் துலாதர்.

“இது?”

“அதையும் தொடாதீங்க.”

“ஹாரன் எங்க இருக்குன்னாவது சொல்லுங்க சார். டாக்சி ஓட்டின கை, சும்மா இருக்க மாட்டேங்குது.”

முன் சீட்டில், கேப்டனுக்குப் பக்கத்தில், பயிற்சி விமானி வேஷத்தில் உட்கார்ந்திருந்தான் லோக்மான். யாருடையதோ ஒரு பழைய நீலக் கோட்டு. வயிற்றுக்கு மேல் பட்டன் சேரவில்லை. கறுப்புக் கண்ணாடி, காதை மூடும் பெரிய ஹெட்போன், வாய்க்கு நேராக ஒரு மைக். அஸ்தவீருக்கு அவன் முகம் தெரியும் என்பதால் இந்தக் கோலம். இறங்கியதும் அஸ்தவீரை இந்திரகலாவின் முன்னால் நிறுத்தி, இடது பக்கம் யாருக்காக விதை போட்டாய் என்று கேட்பது நிருபமாவின் திட்டம். அவள் கொட்டகைக்குள் அந்தப் பெண்ணோடு காத்திருந்தாள்.

“இந்த வருஷம்தான் எல்லா சீட்டுக்கும் மைக் வெச்ச ஹெட்போன் வாங்கிப் போட்டோம்,” என்றார் கேப்டன். “இதுல பேசினா எல்லாருக்கும் கேக்கும். அதனால ஆள் ஏறினதும் நீங்க வாயைத் திறக்காதீங்க.”

“நீங்க என்னைக் கொன்னே போட்டிருக்கலாம்.”

ஆள் வந்தான். குரங்குக் குல்லா, மூக்கு வரை மஃப்ளர், கறுப்புக் கண்ணாடி. யாரும் காட்டாமலே நேராக இடது பக்கப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தான். ஜீத் அவன் தலையில் ஹெட்போனை மாட்டிக் கதவைச் சாத்தினான். லோக்மான் திரும்பவில்லை. அவன் பார்வை எல்லாம் எதிரில் நடுங்கிய முள்ளின் மேல் இருந்தது. விமானம் ஓடி, துள்ளி, மேலே எழும்பியபோது, அவனுக்குத் தெரிந்த ஆறு சாமிகளின் பெயரையும் வாயைத் திறக்காமலே சொல்லி முடித்தான்.

ஏரி கீழே போயிற்று. வயல்கள் போயின. காடு முடிந்து கல் வந்தது, கல் முடிந்து பனி வந்தது. ஊரிலிருந்து பார்த்தால் ஒற்றைக் கூம்பாகத் தெரியும் மச்சபுச்சரே, கிட்டே போகப் போக, மீன் வால் மாதிரி இரண்டாகப் பிளந்து நின்றது. தினமும் டீக்கடையிலிருந்து பார்த்து அலுத்த மலைதான். பக்கத்தில் வந்ததும் அது லோக்மானைப் பார்த்த மாதிரி இருந்தது. சாமியை இடமாகச் சுற்றுவது அவனுக்குப் பிடிக்கவே இல்லை. இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில்தான்.

மலைக்குப் பின்னால் வளைந்து மேற்குப் பக்கம் வந்தார்கள். வலது கைப் பக்கம் ஹியுஞ்சுலி வெயிலில் பளபளத்தது. பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஜன்னல் திறப்பைத் தள்ளியிருக்கிறான். குளிர்காற்று ஊசியாகப் பிடரியில் குத்தியது. ஒரு கோதுமை மணி பறந்து வந்து லோக்மானின் கோட்டுக் கையில் விழுந்தது.

அப்போதுதான் காதுக்குள் அந்தக் குரல் கேட்டது. இஞ்சின் இரைச்சலில் தன் முணுமுணுப்பு தன் காதுக்கே எட்டாது என்று நினைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

“கேசர்… எஞ் சாமி… வாங்கிக்கோடா. அப்பா வந்திருக்கேன்.”

அஸ்தவீர் கேசரை எஞ் சாமி என்று சொல்ல மாட்டான்.

“நேத்து முழுக்க ஒரு பொழுதுதான் சாப்பிட்டேன். ராத்திரி உனக்கு விளக்கு வெச்சு முழிச்சிருந்தேன். எல்லாம் முறைப்படி செஞ்சுட்டேன்டா. வெளிய சொல்லத்தான் முடியல. சாமி மலைல கால வெச்சவன்னு தெரிஞ்சா ஊர்ல நம்ம வீட்டுத் தண்ணியை எவனும் தொட மாட்டான். பூசையும் போயிடும். அந்த வெள்ளைக்காரன் காசுக்கு நீ ஏன்டா இதுல ஏறினே?”

நேற்று டீயைத் தொடாத கை லோக்மானின் கண் முன்னால் வந்தது. வயிறு சரியில்லை. ஏழு விதை தூவப் போகிறவன் முதல் நாள் ஒரு பொழுது இருப்பான் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்தப் பங்கு ரொட்டியைத் தின்று ஏப்பம் விட்டவன் இவன். தன் வாயைத் தானே அடிக்க வேண்டும்போல் இருந்தது.

கேப்டன் இறக்கையைக் கொஞ்சம் சாய்த்தார். அவருக்கும் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே, பாறை முதுகுக்குக் கீழ், தட்டு மாதிரி ஒரு பனி மேடை. காற்று பனியைச் சுரண்டி விட்டிருந்த ஓரத்தில் நகத்தளவு ஆரஞ்சு நிறம். துணி. அசையவில்லை.

“உங்கம்மா நல்லா இருக்கா,” என்றது குரல். “இந்திரகலா குளிப்பாட்டி விடறா. எருமை கன்னு போட்டிருக்கு. கீழ் வயலையும் அவதான் பாக்கறா. தங்கமான பொண்ணுடா. உனக்காக இன்னும் குங்குமம் வெச்சுக்கிட்டு இருக்கா. அவகிட்ட நான் சொல்லல. சொன்னா வெள்ளை உடுத்துவா, ஒரு வருஷம் அழுவா, அப்புறம் போயிடுவா. போயிட்டா உங்கம்மாவை யாருடா தூக்குவா? நானும் எத்தனை நாளைக்கு? அவ இருக்கற வரைக்கும் இருக்கட்டும். நீ வருவேன்னு சொல்லி வெச்சிருக்கேன். கோவிச்சுக்காதே.”

ஜன்னல் சாத்தும் சத்தம். குளிர் நின்றது.

லோக்மான் திரும்பவில்லை. திரும்பினால் வயசானவரை அடித்துவிடுவோமோ என்று பயந்தான். பிள்ளைக்குப் புல்லுப் பொம்மைகூடக் கட்ட மாட்டேன் என்று அழுத மனுஷன், பிள்ளைக்கு எல்லாச் சடங்கும் ஒளித்துச் செய்து முடித்திருக்கிறார். உயிரோடு இருக்கிறவனுக்கு உலகத்தில் எவனும் விதை தூவ மாட்டான். அப்பனுக்கு மகன் செத்தாயிற்று. மருமகளுக்கு மட்டும் சாகவில்லை. வேலைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. சம்பளமாக நம்பிக்கையைக் கொடுத்து, இலவு காத்த கிளியாக அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டார். இதற்கு அஸ்தவீரே கொலை செய்திருக்கலாம். கொலைகாரனைக் கண்டால் என்ன செய்வது என்றாவது லோக்மானுக்குத் தெரியும்.

கேப்டன் அவன் பக்கம் திரும்பாமல், ஒரு கையால் அவன் தோளை ஒரு தரம் அழுத்தினார்.

*

விமானம் கொட்டகை வாசலில் வந்து நின்றது. ஜீத் கதவைத் திறந்தான். கிழவர் மெதுவாக இறங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மாட்டியதும் எதிரில் நின்ற மருமகளைப் பார்த்தார்.

நிருபமாவின் முகத்தைப் பார்த்ததுமே, அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று லோக்மானுக்குப் புரிந்தது.

“அஸ்தவீர் கடையைத் திறந்து வெச்சு உக்காந்திருக்கான்,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “ஏறினவன் நடை அவன் நடை இல்லையேன்னு இப்பதான் போன் பண்ணினேன். விமானத்துல யாருடான்னு கேட்டேன், அழுதுட்டான். அவனுங்க மூணு பேரும் ராத்திரியோட ராத்திரியா சாமி மலைல ஏறியிருக்கானுங்க. கேசர் சறுக்கிட்டான். கீழ இறங்கி வந்ததும் அஸ்தவீர் முதல்ல போய்ச் சொன்னது இவர்கிட்ட. ஹியுஞ்சுலின்னு மாத்திச் சொல்லச் சொன்னது இவருதான்.”

“அவகிட்ட சொல்லிட்டீங்களா?”

“எப்படி ஆரம்பிக்கறதுன்னு பாத்துட்டிருந்தேன். நீங்க வந்துட்டீங்க.”

இந்திரகலா அவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை. “அப்பா?” என்றாள். “நீங்க எங்க இங்க?”

“சும்மாதாம்மா. அண்ணன் பையன் ஒரு டிக்கெட் குடுத்தான். மேல இருந்து ஒரு தடவை பாப்போம்… எங்கயாவது அவன் தெரியறானான்னு…”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்தப் பத்துப் பதினைந்து வார்த்தைக்குள் அதைச் செய்து முடிக்கப் பார்த்தார் கிழவர். இந்திரகலாவும் நம்பத் தயாராகத்தான் இருந்தாள். அவருக்கு ஆறுதல் சொல்ல ஓரடி முன்னால்கூட வந்தாள். மஃப்ளர் ஒரு பக்கம் நழுவித் தொங்கியது. ஏழு வருஷப் பழக்கம், கை தானாக நீண்டு அதைச் சரி செய்தது. சரி செய்த கை நின்றது.

கம்பளி மடிப்பில் எள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு தினை. ஒரு நெல். அவள் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் போட்டாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். இன்று என்ன திதி என்று அவளுக்கும் தெரியும்.

“யாருக்கு?” என்றாள்.

கிழவர் மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டார்.

அவள் லோக்மான் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க கூடத்தானே இருந்தீங்க? எதையாவது பாத்தீங்களா?”

லோக்மான் கறுப்புக் கண்ணாடியை எடுத்தான். “ஒரு துணி பாத்தேன் தங்கச்சி. மச்சபுச்சரே மேல. ஆரஞ்சு நிறம்.”

“அவரோட குளிர் ஜாக்கெட்டு,” என்றாள் அவள். “நான் வாங்கினது. தூரத்துல இருந்து பாத்தாலே தெரியணும்னு அந்த நிறத்துல வாங்கினேன்.”

கேப்டன் துலாதர் தொண்டையைக் கனைத்தார். நாளைக்குக் காலையில் தானே அவளை அழைத்துப்போய்க் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மாமனாரிடம் திரும்பினாள்.

“எத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியும்?”

“அம்மாடி, நான் உன் நல்லதுக்குத்தான்…”

“எத்தனை வருஷமான்னு கேட்டேன்.”

“அன்னைக்கே,” என்றாள் நிருபமா. யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இந்திரகலா அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன் கையைப் பார்த்தாள். வெந்நீரிலும் சாணத்திலும் வெடித்துப் போயிருந்த விரல்கள், அவற்றுக்கு மேலே பளபளக்கும் சிவப்பு வளையல்கள்.

“தினமும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு பாப்பேன்,” என்றாள். “ராத்திரில. நீங்க முழிச்சுதான் இருப்பீங்க. ‘அவன் இல்லம்மா, நாய், படுத்துக்கோ’ன்னு சொல்லுவீங்க. நாய்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்லை.”

கிழவர் ஓரடி கிட்டே வந்தார். “உன் அத்தையைப் பாத்துக்க எனக்கு வேற யாரும்மா இருக்கா? நீயே சொல்லு. நான் போ தாயின்னுதானே சொன்னேன். நீதானே போகலை.”

லோக்மான் ஒரு அடி எடுத்து வைத்தான். நிருபமா அவன் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“கேட்டிருந்தா இருந்திருப்பேன்,” என்றாள் இந்திரகலா. “அவர் செத்துட்டாரு, ஆனா அத்தையைப் பாத்துக்க ஆள் இல்ல, இரும்மான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.”

அவள் உள்ளங்கையில் இருந்த மணிகளைக் கிழவரின் கோட்டுப் பையில் போட்டாள். பக்கத்தில் கிடந்த தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நிருபமாவைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு விமான நிலையத்தின் கம்பிக் கதவைப் பார்த்து நடந்தாள். கதவுக்கு வெளியே இடது பக்கம் திரும்பினால் ஊருக்குப் போகிற ஜீப்புகள் நிற்கும். வலது பக்கம் காட்மாண்டு பஸ்.

அவள் வலது பக்கம் திரும்பினாள்.

கிழவர் கொஞ்ச தூரம் அவள் பின்னால் ஓடினார். மூச்சு வாங்கி நின்றார். அவரிடமிருந்து ஒரு மன்னிப்பு வரும், மகனின் பெயராவது வரும் என்று லோக்மான் எதிர்பார்த்தான்.

“அம்மாடி,” என்று கத்தினார் கிழவர். “அவளோட ராத்திரி மாத்திரையை எங்க வெச்சிருக்கே?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்காரன் தார்க்கேக்கு ஏறு, முக்லிங்குக்கு ஏறு, காட்மாண்டு காட்மாண்டு என்று கூவிக்கொண்டிருந்தான்.

கிழவர் திரும்பி வந்தார். நிருபமாவைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார், கடைசியில் லோக்மானின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். அதில் அந்தக் கோதுமை மணி இன்னும் ஒட்டியிருந்தது.

“தம்பி, வெள்ளை மாத்திரை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு. எது சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எனக்குத் தெரியாதே, தம்பி.”